ஸ்பேனருக்குப் பொட்டு வைத்த நாள்

கல்வராயன் மலையில் வசிக்கும் மனிதர்கள், மாடுகள், காட்டுப்பன்றிகள் ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கும் பணிவுடன் தெரிவிக்கப்படுவது: எதிர்வரும் குளிர்காலத்தை முன்னிட்டு, தியாகதுருகம் நிலக்கிழாரும் நவீன அரிசி ஆலை அதிபருமான திரு. தீனதயாளன் அவர்களின் கரியாலூர் மலை மாளிகையில் நிறுவப்பட்டுள்ள, வீட்டையே சூடாக்கும் பாய்லர், ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் தக்க நிபுணர்களால் முழுமையாகப் பரிசோதிக்கப்பட இருக்கிறது. குளிர் தன் வருகையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

மாடுகள், பன்றிகள், கடைசி வரி ஆகியவை என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் தீனதயாளனே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டது.

அவர் எனக்குச் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். மகன் தமிழரசன் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். ஐந்து வருடம் முன்பு அவனைப் பார்க்கப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தார். அந்த நாட்டில் அவர் வேறு எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அறைதோறும் சுவரோரமாக, இரும்பு விலா எலும்பு போல நிற்குமே, ரேடியேட்டர், அதை மட்டும் பார்த்தார். எங்கோ அடித்தளத்தில் பாய்லர் எரிகிறது, வெந்நீர் குழாய் வழியே வீடெல்லாம் சுற்றுகிறது, வெளியே பனி கொட்ட உள்ளே பனியனோடு உட்காரலாம். ஊர் திரும்பியதும் கரியாலூரில் மாளிகை எழும்பியது. கல்வராயன் மலைக் குளிருக்கு ஒரு கம்பளியும் சுக்குக் காப்பியும் போதும்; மிஞ்சினால் ஒரு குல்லா. ஆனால் குல்லா போட்டவனை யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

நெல் அவிக்கிற பாய்லர் செய்யும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த, விறகில் எரிகிற பாய்லர் அது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் நிற்கிறது. கொட்டகையை ஒட்டிக் காவல்காரர் ராசுவின் அறை. புகைக்குழாய் வெளியே தெரிந்தால் மாளிகையின் முகப்பு கெட்டுப்போகும் என்று, அதை அந்த அறையின் கூரைக்கு அடியிலேயே நீளமாகக் கொண்டுபோய்ப் பின்பக்கக் காட்டுப் பக்கம் விட்டிருந்தார்கள். முகப்பு அழகாகத்தான் இருந்தது.

பரிசோதனையைப் பார்க்க நானும் போயாக வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. போனேன்.

நாங்கள் காரை விட்டு இறங்கியபோது லேசான தூறல். ராசு குடையோடு ஓடிவந்து தீனதயாளன் தலைக்கு மேல் பிடித்தார். ராசுவின் மனைவி காசியம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"மொதலாளி, ஒரே ஒரு விசயங்க."

"வந்ததும் வராததுமா இன்னாம்மா?"

"போன வருசம் பாய்லரு கொளுத்துனப்பல்லாம் எங்க ரூம்புக்குள்ள பொகை வந்துக்கினே இருந்திச்சி. நாங்க ரெண்டு பேரும் இருமிக்கினு கெடந்துட்டோம். இப்ப பொண்ணு பெத்துக்கினு வந்திருக்குது. பச்சக் கொழந்த. மேல போவுதே அந்தக் கொழாய், அத மட்டும் இன்னான்னு பாக்கச் சொல்லுங்க."

ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளிர்காலம் முழுக்க வாரம் இரண்டு தரம் பாய்லரைக் கொளுத்த வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். குழாய் துருப்பிடிக்காமல் இருக்கவாம். காசியம்மாளின் மகள் தேவதர்ஷினிக்குத் தலைப்பிரசவம். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"பொகை இன்னா ஜாஸ்தியா வந்துடப் போவுது?" என்றார் தீனதயாளன். "கொசு வராது. அதுவும் நல்லதுதான்."

"கொசுவோட சேத்து எங்களையும் தொரத்திடுங்க."

"எல்லாத்துக்கும் நிபுணர் வந்திருக்காரு. நீ போயி காப்பி போடு."

நிபுணர் இரண்டு பேர். ஒருவர் அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கும் அன்புச்செல்வன். மோட்டார் சைக்கிளில் கருவிப் பையோடு விடிகாலையே வந்து, கொட்டகை வாசலில் குந்தி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். நிபுணர் என்று தன்னைச் சொல்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இன்னொருவர் எங்களோடு காரில் வந்த திருக்கோவிலூர் கண்ணாயிரம். வாஸ்து, எண்கணிதம், பிரசன்னம், மனையடி. சட்டைப் பையில் இருந்து எட்டிப் பார்த்த அட்டையில் 'வாஸ்து சக்கரவர்த்தி' என்று இருந்தது. வெற்றிலை எச்சிலை ரோஜாத் தொட்டிக்குள் துப்பிவிட்டு, செல்போனில் திசைகாட்டியைத் திறந்து கொட்டகையைச் சுற்றி வந்தார். கூரையோரக் கொடியில் காய்ந்த குழந்தைத் துணியைப் பார்த்ததும் நின்றார்.

"இங்க கொழந்த பொறந்திருக்குதா?"

"ஆஸ்பத்திரில பொறந்திச்சிங்க," என்றார் ராசு.

"எங்க பொறந்தா இன்னாய்யா, தீட்டு தீட்டுதான. அக்கினி பகவானுக்கு ஒரு செவுரு தள்ளி தீட்ட வெச்சிக்கினு என்னைய பூசை போடச் சொல்றீங்களா? மொதல்ல அப்புறப்படுத்துங்க."

அப்புறப்படுத்தினார்கள். தேவதர்ஷினி குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, கார் ஷெட்டுக்கு நடந்தாள். மூன்று பக்கம் சுவர் இல்லாத ஷெட். மலைக்காற்று கேட்டுக்கொண்டா நுழையும்? காசியம்மாள் ஒரு சாக்கை விரித்து, இன்னொரு சாக்கைக் காற்றடிக்கும் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீனதயாளன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "கார் மேல சாயாம குந்தச் சொல்லும்மா. கோடு விழுந்துடப் போவுது."

 

பூஜை தொடங்கும்வரை என்னை உள்ளே அழைத்துப்போய் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கூடத்து ரேடியேட்டரைக் குதிரையைத் தட்டுவது போலத் தட்டினார். "ஜெர்மனில அச்சு அசல் இதே மாதிரி, சகல. பாரு" என்று அதன் ஓரத்தில் இருந்த சின்னக் குழாயைத் திருகினார். புளிச்ச கூழ் நிறத்தில் ஒரு தண்ணீர் விட்டுவிட்டுக் கக்கியது. சாக்கடையும் துருவும் கலந்த நாற்றம். கடைசியாக ஒரு பல்லியின் கால் வந்து கம்பளத்தில் விழுந்தது.

"அயர்ன் சத்து," என்றார் தீனதயாளன். செருப்பால் பல்லிக்காலைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளினார்.

கொட்டகையில் பூஜை தடபுடலாக நடந்தது. பாய்லருக்கு விபூதிப் பட்டை, சந்தனக் காப்பு, ரோஜா மாலை, எலுமிச்சை மாலை. அழுத்தம் காட்டும் மீட்டரின் கண்ணாடியில், சரியாக நடுவில், எட்டணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. முள் எங்கே நிற்கிறது என்பது இனி பகவானுக்கே வெளிச்சம். கண்ணாயிரத்துக்கு அதோடு திருப்தி வரவில்லை. அன்புச்செல்வனின் பையை வாங்கி, ஸ்பேனர், திருப்புளி, கம்பி பிரஷ், டார்ச் லைட் எல்லாவற்றையும் தலைவாழை இலையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றுக்கும் பொட்டு, ஒவ்வொன்றுக்கும் பூ. டார்ச் லைட்டின் முகத்துக்கும் சந்தனம். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து முடித்தார்கள். உடைந்த பூசணியின் குழம்பு பாய்லர் வாசலில் ஈயோடு கிடந்தது.

அன்புச்செல்வன் பொரியை வாயில் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார்.

"ஏய் ஏய் ஏய்! கை வெக்காத!" என்று கண்ணாயிரம் அலறினார்.

"இன்னாங்க?"

"பூசையில வெச்ச ஆயுதத்த அன்னிக்கே எடுக்கறதா? ஆயுத பூசைக்கு உங்க ஆலையில இன்னா செய்வீங்க?"

"லீவு உடுவாங்க."

"ஏன் உடறாங்க? பூசை போட்ட ஆயுதம் அன்னிக்கி ஓய்வெடுக்கணும். இதுக்கும் அதே விதிதான். நாளைக்குக் காலைல மறுபூசை போட்டுட்டு எடு."

"நாளைக்கு ஆலையில நெல்லு எறங்குதுங்க. என்னால வர முடியாது. ஸ்பேனரு இல்லாம எப்பிடித் தொறக்கறது? இது இன்னா சோடா பாட்டிலா, பல்லால கடிக்க?"

இருவரும் தீனதயாளனைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஜெர்மனி, ஒரு பக்கம் திருக்கோவிலூர். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"நீ கண்ணால பாருய்யா," என்றார் அன்புச்செல்வனிடம். "ஜெர்மனில எல்லாம் பாதி வேல கண்ணாலதான்."

அன்புச்செல்வன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பாத்துட்டேங்க."

"எப்பிடி இருக்குது?"

"மஞ்சளா இருக்குது."

"கிண்டலா?"

"சந்தனத்துக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு நான் இன்னாத்தங்க கண்டேன்? பையி இங்கியே கெடக்கட்டும், அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்." மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார். பிரியாணிக் கடை மூடும் நேரத்தை அவர் கணக்குப் பண்ணியிருப்பார்.

அதோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கண்ணாயிரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறதாம். அக்கினி மூட்டாமல் விட்டால் பூஜைக்கே குறைவாம்.

"அண்ணே, சோதன பண்ணாமயே கொளுத்தறதா?" என்றேன்.

"பூசை போட்டாச்சு இல்ல? அதுக்கு மேல இன்னா சகல சோதன?"

ராசு தயங்கினார். "காசியம்மா சொன்ன அந்தப் பொகைக் கொழாய்…"

"கொழாயி எங்கியும் ஓடிப் போவாது. நீ வெறக வெய்யி."

விறகு வைத்தார்கள். கண்ணாயிரம் கற்பூரத்தால் மூட்டினார். தீனதயாளன் மகனுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, போனைப் பாய்லருக்கு முன்னால் ஆரத்தித் தட்டு மாதிரிச் சுற்றினார். கட்டம் கட்டமாக உடைந்த தமிழரசனின் முகம் தெரிந்தது.

"அப்பா, பொகைக்குழாய் கிளீன் பண்ணாங்களா? ஜாயின்ட் எல்லாம் பாத்தாங்களா? அதுல வர்ற கேஸ் கண்ணுக்கே தெரியாதுப்பா, மூச்சு…"

"சிக்னல் இல்லடா," என்று தீனதயாளன் போனை அணைத்தார். சிக்னல் மூன்று கோடு இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ராசுவின் அறைச் சன்னல் இடுக்கில் புகை கசிந்தது. குழந்தைக்குக் காற்று படக்கூடாது என்று காசியம்மாள் சன்னலுக்குப் பிளாஸ்டிக் பையைத் திணித்து வைத்திருந்தாள். அதையும் மீறி வந்தது. ஷெட்டிலிருந்து அவள் கூவினாள்: "மொதலாளி! பாருங்க! உங்க கண்ணாலயே பாருங்க!"

தீனதயாளன் திரும்பிப் பார்த்தார். எங்கள் எல்லார் முன்னாலும் ஒரு காவல்காரர் மனைவி சொன்னது உண்மையாகிக்கொண்டிருந்தது. அது எப்படி ஆகலாம்?

"ஈர வெறகு. மொதல்ல அப்பிடித்தான் இருக்கும். இதுல இன்னா ஆபத்துங்கற? நான் உள்ள போறேன். கதவ சாத்திக்கினு கால் மணி நேரம் குந்திக் காட்டறேன். சகல, நீ வீடியோ எடு. தமிழரசனுக்கு அனுப்பணும்."

"அண்ணே, வேணாம்."

"தீட்டு ரூம்புங்க," என்றார் கண்ணாயிரம்.

"வந்து குளிச்சிக்கிறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் கதவை வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். மூடிய கதவை வீடியோ எடுக்கிற ஆளைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருந்திருக்கும்.

"பாரு சகல, ஒண்ணியும் இல்ல," என்று உள்ளிருந்து குரல் வந்தது. இருமல் வந்தது. பிறகு ஜெர்மனி ரயில்கள் எவ்வளவு சரியான நேரத்துக்கு வரும் என்பது பற்றி ஒரு சொற்பொழிவு தொடங்கியது. நடுவே சுருதி இறங்கியது. "சகல, இந்தத் தாழ்ப்பா எந்தப் பக்கம்…" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பாத்திரம் ஏதோ உருண்டது.

கண்ணாயிரம் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். ராசு கதவில் கை வைத்தபடி "மொதலாளி, மொதலாளி" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னாய்யா கூப்புட்டுக்கினு நிக்கற?" என்று காசியம்மாள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஒதச்சித் தொறய்யா! செத்துகித்துப் போயிடப்போறான் மனுசன்!"

ராசு ஒரே உதை விட்டார். கதவு நடுவில் பிளந்து தொங்கியது. காவல்காரர் அறைக்கு இது போதும் என்று தீனதயாளன் கம்மி விலையில் வாங்கிப் போட்ட கதவு. நல்ல தேக்கில் போட்டிருந்தால் அன்றைக்கு நாங்கள் வேறு மாதிரி மலை இறங்கியிருப்போம்.

அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து இழுத்து வந்தோம். கண் செருகியிருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது. வெளிக்காற்று பட்டதும் எழுந்து உட்கார்ந்தார், வாயைத் திறந்தார், காலையில் சாப்பிட்ட வெண்பொங்கல், வடை, முந்திரி முழுசாக, எல்லாவற்றையும் பட்டுக்கரை வேட்டி மேலும் கண்ணாயிரத்தின் கால் மேலும் கக்கினார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கக்கினார். கூடத்து ரேடியேட்டர் கக்கியதை நான் பார்த்திருந்தேன். இது அதைவிட மோசம்.

ராசு ஓடிப்போய் எரிகிற கட்டைகளை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். காசியம்மாள் தீனதயாளனின் தலையைப் பிடித்து முகத்தைக் கழுவி விட்டாள். கண்ணாயிரம் செருப்பை இலையால் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன். தீட்டு அடிச்சிடுச்சி."

அரைமணி நேரம் கழித்துத் தீனதயாளன் பேசினார். "பொங்கல்ல நெய்யி ஜாஸ்தி." பிறகு என்னிடம், "வீடியோல வாந்தி வருதா? அத வெட்டிடு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

"ராசு, ரூம்பத் தொறந்தே வெய்யி. சாயந்தரத்துக்குள்ள பொகை போயிடும். உம் பொண்ண உள்ள போயி படுக்கச் சொல்லு. பூசை முடிஞ்சிருச்சி, இனி தீட்டு பரவால்ல. செவ்வாக்கெழம மறுபடியும் கொளுத்து. வாரம் ரெண்டு தரம், மறக்காத."

ராசு தலையாட்டப் போனார். காசியம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏங்க, கால் மணி நேரங்கூட ஆவல, உங்களுக்குக் கொடலு வெளிய வந்துருச்சி. அதே ரூம்புல எம் பேத்தி ராப்பூரா படுக்கணுமா?"

"பழகிடும்மா," என்றார் தீனதயாளன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். மீசையில் இன்னும் ஒரு பொங்கல் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

காசியம்மாள் பிளந்த கதவைத் தாண்டி உள்ளே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, துணிமணிகளைப் புடவையில் மூட்டையாகக் கட்டி வந்தாள். "எழுந்திருடி. கருணாபுரத்துல பெரியம்மா வூட்டுக்குப் போலாம். ரெண்டு மணி பஸ் இருக்குது."

"பஸ்ஸு எதுக்கு," என்றேன் நான். "நம்ம கார்ல ஏத்திக்கலாமேண்ணே. கீழதான போறோம்."

"கார்ல பூசை சாமான் இருக்குது," என்றார் தீனதயாளன். "தீட்டு."

தேவதர்ஷினி அவரையும் காரையும் பார்த்தாள். "கோடு விழுந்துடும் மொதலாளி, கார நீங்களே வெச்சிக்கோங்க," என்றாள். அன்று முழுக்க அவள் பேசியது அது ஒன்றுதான்.

ராசு மனைவியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார். கும்பிட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தார். தூறல் விட்டிருந்தது. குழந்தை அப்போதுதான் நன்றாகக் குரலெடுத்து அழுதது. நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்து அழுகிற அழுகை. அதைக் கேட்க நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது காருக்குள் வாந்தி நாற்றமும் கற்பூர நாற்றமும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. கண்ணாயிரம் பின் சீட்டில் குறட்டை விட்டார். தீனதயாளன் வாட்ஸப் குழுவில் 'பாய்லர் பரிசோதனை இறையருளால் இனிதே நிறைவுற்றது' என்று போட்டார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள்.

"பாத்தியா சகல," என்றார், கச்சிராயபாளையம் வரும் நேரத்தில். "தங்க எடம் குடுத்தோம், சூடு குடுத்தோம். சாவிய வெச்சிட்டுப் போறான். நன்றி கெட்ட ஜனங்க. இனிமே வாரம் ரெண்டு தரம் யாரு கொளுத்துவா?"

"நீங்களே வந்து இருங்களேண்ணே. இந்தப் பனிக்காலம் பூரா. அதுக்குத்தான கட்டினீங்க?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போலப் பார்த்தார்.

"மலையிலயா? பனிலயா? எனக்கு ஒத்துக்காதுய்யா, மூச்சு இழுத்துக்கும்."

மாளிகை கட்டி மூன்று வருடத்தில் தீனதயாளன் ஒரு குளிர்காலத்தில்கூட அங்கே தங்கியதில்லை.